பழைய கொரோலாவில் கூடுதல் மீட்டர்கள்: எர்த் எங்கே கொடுப்பது, மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

ஈசூன் கொரோலா
சனி, இரவு 9.40

வணக்கம். என்னுடையது 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கேஇ70, 4கே என்ஜின். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவானது. ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், ஓட்டும் நாளிலாவது நிம்மதியாக ஓட்ட ஆசைப்படுகிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் மூன்று மீட்டர்கள் அதற்கு விடுவதாக இல்லை.

மூன்றும் 52 மில்லிமீட்டர் அளவு, விடிஓ தயாரிப்பு: நீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம், வோல்ட். முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு பட்டறையில் பொருத்தியவை. பகலில், குளிர்சாதனம் இல்லாமல் ஓட்டினால் ஒழுங்காக இருக்கின்றன. முன்விளக்கைப் போட்டு, குளிர்சாதன விசிறியை முழு வேகத்தில் வைத்தால் போதும்: வெப்ப முள் 85இலிருந்து 100க்குப் போகிறது. அதே நேரத்தில் எண்ணெய் அழுத்த முள் கீழே இறங்குகிறது. வோல்ட் முள் 12.8 காட்டுகிறது, பேட்டரியின் தலையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 13.9.

இதைக் காட்டியபோது ஒரு பட்டறையில் எண்ணெய் பம்ப் தேய்ந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட்டும் சந்தேகம், என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை.

மீட்டர்களுக்குப் பின்னால் கையை விட்டால் எல்லா ஒயரும் ஒரே கறுப்பு. இணைப்புகள் எல்லாம் நீல நிறப் பிளாஸ்டிக் கவ்விகள். முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா, அல்லது என்ஜினை முதலில் பார்க்க வேண்டுமா?


செம்புக் கம்பி
சனி, இரவு 10.15

தம்பி, என்ஜினைத் தொட வேண்டாம். இன்னும் ஒரு நாளாவது தொட வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. விசிறி சுவிட்சைத் திருப்பியதும் முள் எவ்வளவு நேரத்தில் 100க்குப் போகிறது? மெல்ல ஏறுகிறதா, அல்லது சட்டென்று தாவுகிறதா?


ஈசூன் கொரோலா
சனி, இரவு 10.22

தாவுகிறது ஐயா. சுவிட்சை அணைத்தால் உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது.


செம்புக் கம்பி
சனி, இரவு 10.58

அப்படியானால் என்ஜினுக்கு ஒன்றுமில்லை. ரேடியேட்டரும் பிளாக்கும் சேர்ந்து சில லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அந்த நீர் ஒரு நொடியில் 15 டிகிரி சூடாகவும் முடியாது, அடுத்த நொடியில் ஆறவும் முடியாது. நொடியில் நகர்வது மின்சாரம் மட்டுமே.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கோளாறு அழகாகப் பொய் சொல்லும் கோளாறு. உங்கள் வெப்ப சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான். அதன் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் பாதை, என்ஜின் பிளாக் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. மீட்டருக்கோ டேஷ்போர்டுக்குப் பின்னால் தனி எர்த். இந்த இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் முள் உண்மை பேசும். உங்கள் காரில் மீட்டரின் எர்த் ஒயரை, விசிறியின் எர்த் போகும் அதே திருகில் மாட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். விசிறி முழு வேகத்தில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருப்பிடித்த திருகு வழியாக அவ்வளவு மின்சாரம் போகும்போது, அந்தத் திருகே பேட்டரியின் எதிர்முனையைவிட அரை வோல்ட், முக்கால் வோல்ட் மேலே ஏறி நிற்கும். மீட்டரின் எர்த்தும் அதோடு சேர்ந்து ஏறும்.

இப்போது சென்சார் இருக்கும் பிளாக், மீட்டரைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருக்கிறது. அதனால் சென்சார் வழியாக வழக்கத்தைவிட அதிக மின்சாரம் ஓடுகிறது. வெப்ப சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும் வகை. அதிக மின்சாரம் ஓடினால் மீட்டர் அதைக் குறைந்த மின்தடை, அதாவது அதிகச் சூடு என்று புரிந்துகொள்ளும். விடிஓ அழுத்த சென்சார் நேர் எதிர்: அழுத்தம் இல்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 180 ஓம். அங்கே அதிக மின்சாரம் ஓடினால் குறைந்த அழுத்தம் என்று பொருள். ஆக ஒரே ஒரு கெட்ட திருகு, வெப்பத்தை ஏற்றியும் அழுத்தத்தை இறக்கியும் காட்டுகிறது. சாகப்போகும் என்ஜின் காட்டும் அதே அடையாளம். உங்களிடம் தொகை சொன்னவர்கள் முள்ளைப் பார்த்தார்கள், ஒயரைப் பார்க்கவில்லை.

சோதனை எளிது. என்ஜின் ஓட்டத்தில் இருக்கட்டும். விளக்கும் விசிறியும் முழுமையாக ஓடட்டும். மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (டிசி) வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையை மீட்டரின் எர்த் டெர்மினலிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் உதவாது. பிறகு அதே போல நேர்முனைப் பக்கம்: பேட்டரியின் நேர்முனைக்கும் மீட்டரின் நேர்முனைக்கும் இடையே. இரண்டையும் கூட்டினால் நீங்கள் சொன்ன 13.9க்கும் 12.8க்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வருகிறதா என்று எழுதுங்கள்.


பழைய டாட்சன்
ஞாயிறு, காலை 7.05

செம்புக் கம்பி சொல்வது சரி. ஆனால் பிடுங்கிப் போடப் போகிறீர்கள் என்றால், தம்பி, அந்த வோல்ட்மீட்டரைத் தூக்கிவிட்டு, ஓடும் மின்சாரத்தை அளக்கும் அம்மீட்டர் ஒன்று போடுங்கள். என் டாட்சன் 1200இல் அம்மீட்டர்தான். வோல்ட்மீட்டர் கையில் எவ்வளவு இருப்பு என்று மட்டும் சொல்லும். அம்மீட்டர் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கே கொடுக்கும். பெல்ட் வழுக்கும்போது முள் எதிர்ப்பக்கம் சாய்வதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். இப்போதைய பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியவில்லை.


மினி ராணி
ஞாயிறு, காலை 9.30

ஐயா, அருமை தெரியும். அதன் ஆபத்தும் தெரியும்.

அம்மீட்டரை வரிசையில் இணைக்க வேண்டும். காரின் மொத்த மின்சாரமும் அதற்குள் போய் வர வேண்டும். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயரை அறுத்து, என்ஜின் அறைத் தகட்டைத் துளைத்து, டேஷ்போர்டு வரை கொண்டுவந்து, திரும்பவும் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அந்தப் பாதையில் ஃபியூஸ் கிடையாது. மீட்டரின் பின்னால் உள்ள மரை சற்றே தளர்ந்தாலும் அங்கே சூடு பிறக்கும். ஒயர் தகட்டில் உரசினால் நெருப்பு. ஹெட்லைட்டும் வைப்பரும் மட்டும் இருந்த காலத்துக் கார்களுக்கு 30 ஆம்பியர் அம்மீட்டர் போதுமாக இருந்தது. குளிர்சாதனம் இல்லாமல் சிங்கப்பூரில் யார் ஓட்டுகிறார்கள்? அந்தச் சுமையை அந்த 30 ஆம்பியர் மீட்டர் வழியாக அனுப்ப எனக்குத் துணிவில்லை.

வோல்ட்மீட்டர் இணையாக உட்காரும். மெல்லிய ஒயர், சின்ன ஃபியூஸ், முடிந்தது. படிக்கத் தெரிந்தால் அதுவும் நிறையச் சொல்லும். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6 என்றால் பேட்டரி முழுமை; 12.2க்கு இறங்கினால் பாதிதான் இருக்கிறது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இயல்பு. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது.

கொரோலாத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. காரின் சொந்த மீட்டர்களுக்குப் பின்னால், வோல்ட்டைக் குறைத்து நிலைப்படுத்தும் ஒரு சிறு பெட்டி பல பழைய கார்களில் இருக்கும். என் மினியில் அது 10 வோல்ட் தருகிறது. அதன் வெளியீட்டைக் கூடுதல் மீட்டருக்கு எடுத்துவிடாதீர்கள். புதிய மீட்டர் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அதைவிட மோசம், அந்தப் பெட்டி உள்ளே சூடாகித் திறந்து மூடிச் சராசரியாகத்தான் 10 தருகிறது. வோல்ட் முள் மூச்சு வாங்கும். காரின் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் இரண்டுமே சேர்ந்து தவறாகக் காட்டினால் முதல் சந்தேகம் அந்தப் பெட்டிமேல்தான்.

1960களின் மினி வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால்: உங்களுடையது நேர்முனை எர்த். மீட்டர் வாங்கும் முன் அது அதற்கு ஒத்துவருமா என்று பாருங்கள்.


பழைய டாட்சன்
ஞாயிறு, காலை 9.52

ஷண்ட் (மின்சாரத்தை அளக்க வைக்கும் தடித்த உலோகப் பட்டை) வைத்த அம்மீட்டர் இருக்கிறதே, அம்மா! தடித்த ஒயர் என்ஜின் அறையை விட்டு நகர வேண்டாம். ஷண்ட் பட்டையின் இரு முனையிலிருந்தும் மில்லிவோல்ட் மட்டும் உள்ளே வரும், மெல்லிய ஒயர் இரண்டு.


மினி ராணி
ஞாயிறு, காலை 10.10

அது ஒப்புக்கொள்ளக்கூடியது, ஐயா. ஆனால் அந்த மெல்லிய ஒயர்கள் இரண்டும் நேராகப் பேட்டரியின் நேர்முனையோடு தொடர்புள்ளவை. இரண்டுக்கும் ஷண்டுக்குப் பக்கத்திலேயே தனித்தனி ஃபியூஸ் வேண்டும். அதை யாரும் போடுவதில்லை.


கடற்பாலம்
ஞாயிறு, காலை 11.20

மீட்டர் வல்லுநர்கள் எல்லாரும் கூடியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். பெட்ரோல் மீட்டரின் சென்சார் ஒயரில் ஒரு சின்ன மின்தடையும் சுவிட்சும் வைத்தால், மலேசிய எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது மட்டும் முள் முக்காலில் நிற்குமா? நண்பனுக்காகக் கேட்கிறேன்.


நெறியாளர்
ஞாயிறு, காலை 11.31

நண்பரிடம் சொல்லிவிடுங்கள்: இந்த இழையில் அதற்கு விடை கிடைக்காது. சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக மலேசியா போகும்போது டாங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் அரை டாங்க் என்று தொடங்கி 1991இல் முக்காலான விதி அது. குறைவாகக் கொண்டுபோவது ஒரு குற்றம். மீட்டரைத் திருத்தி ஏமாற்றுவது தனிக் குற்றம். பெட்ரோல் மீட்டரை மாற்றும் வழிகளை இங்கே எழுதினால் நீக்கப்படும்.


செம்புக் கம்பி
ஞாயிறு, பிற்பகல் 12.40

நெறியாளர் சொன்னது சரி. ஆனால் அதன் மறுபக்கம் ஒன்று உண்டு, அது பழைய கார்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும். டொயோட்டாவின் பெட்ரோல் சென்சாரில் டாங்க் நிறைந்தால் மின்தடை குறைவு, காலியானால் அதிகம். டாங்க்கின் எர்த் துருப்பிடித்தால் அந்தத் துருவின் மின்தடையும் சேர்ந்துகொள்ளும். டாங்க்கில் உண்மையிலேயே முக்கால் இருக்கும், முள்ளோ பாதியைத் தாண்டாது. சோதனைச்சாவடி அதிகாரி பார்ப்பது முள்ளை. நேர்மையாகப் பெட்ரோல் போட்டவர் திருப்பி அனுப்பப்படுவார். டாங்க்கின் எர்த்தைச் சுத்தம் செய்து புது ஒயர் போடுவது ஏமாற்று வேலை அல்ல, பழுதுபார்ப்பு. வேறு எதுவும் அந்த ஒயரில் சேர்க்காதீர்கள்.


ஈசூன் கொரோலா
ஞாயிறு, மாலை 6.15

அளந்துவிட்டேன். எர்த் பக்கம் 0.62 வோல்ட். நேர்முனைப் பக்கம் 0.45. கூட்டினால் 1.07. ஐயா சொன்ன கணக்கு அப்படியே வருகிறது!

டேஷ்போர்டின் கீழ்ப்பட்டையை இறக்கிப் பார்த்தேன். ஒரே திருகில் விசிறியின் எர்த், ரேடியோவின் எர்த், மூன்று மீட்டர்களின் எர்த், மீட்டர் விளக்குகளின் எர்த். அதன் அடியில் பெயின்ட்கூடச் சுரண்டப்படவில்லை. நேர்முனையை ரேடியோவின் ஒயரில் நீலக் கவ்வி போட்டு எடுத்திருக்கிறார்கள். கவ்வியைத் திறந்தால் செம்பு பச்சையாக இருக்கிறது. வோல்ட்மீட்டர் மட்டும் சாவி இல்லாமலே எப்போதும் உயிரோடு இருக்கிறது.

முழுவதையும் புதிதாகப் போடுகிறேன். எங்கிருந்து எடுக்கட்டும்?


செம்புக் கம்பி
ஞாயிறு, இரவு 8.30

ரேடியோ ஒயர் வேண்டவே வேண்டாம். அது சாவியின் துணைக்கருவி நிலையில் வருவது. ஸ்டார்ட் செய்யும்போது அந்த நிலைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். என்ஜின் சுழலும் அந்த இரண்டு மூன்று நொடியில்தான் எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக அப்போது மீட்டர் கண்ணை மூடிக்கொள்ளும். இக்னிஷன் நிலையில் வரும், ஸ்டார்ட் செய்யும்போதும் அறுபடாத ஒயரை எடுங்கள். ஃபியூஸ் பெட்டியில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். மீட்டருக்குப் பக்கத்தில் போடுவது பயனற்றது: ஃபியூஸ் காப்பது மீட்டரை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் உரசினால் அதைக் காப்பாற்ற ஆள் இல்லை. ஒயர் 0.85 சதுர மில்லிமீட்டர் தாராளம். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெறும் செம்பு ஒயருக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து பச்சையாகும். படகுக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எர்த்தை டேஷ்போர்டில் எங்கும் கொடுக்காதீர்கள். மீட்டர்களின் எர்த்துக்கு மட்டும் தனியாக 2 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைப் போட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கேபிள் என்ஜின் பிளாக்கில் இறங்கும் இடம்வரை கொண்டுபோங்கள். சென்சாரும் மீட்டரும் ஒரே மண்ணில் நிற்கட்டும். விளக்குகளின் எர்த்தை இதில் சேர்க்க வேண்டாம்.

தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒரு ஒயரும் போகக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

நீலக் கவ்விகளைக் குப்பையில் போடுங்கள். தோல் உரித்து, கிரிம்ப் செய்து (கருவியால் நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ஈயப் பற்று வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் பற்று முடியும் இடத்தில் ஒயர் கம்பிபோல் விறைக்கும். அதிர்வில் சரியாக அந்த இடத்தில் முறியும். அந்த இடத்தைக் கட்டி நிறுத்தினால் சிக்கல் இல்லை.


120ஒய்
ஞாயிறு, இரவு 9.02

இவ்வளவு ஏன்? ஓபிடி துளையில் (புதிய கார்களின் கணினிப் பழுதாய்வுத் துளை) செருகும் சின்னத் திரை ஒன்று வாங்கினால் எல்லா எண்ணும் வருமே.


மினி ராணி
ஞாயிறு, இரவு 9.06

1982 கொரோலாவில் அந்தத் துளையைக் கண்டுபிடித்தால் எங்களுக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.


லேத்துப் பட்டறை
திங்கள், காலை 8.20

ஒயரைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று. திருகுப் புரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எண்ணெய் சென்சாரைக் கழற்றி மாட்டும் முன் இதைப் படியுங்கள்.

டொயோட்டா பிளாக்கில் எண்ணெய் விளக்கு சுவிட்ச் உட்காரும் துளை 1/8 அங்குல பிஎஸ்பிடி, அதாவது பிரிட்டிஷ் தரக் கூம்புப் புரி. அங்குலத்துக்கு 28 புரி, கோணம் 55 டிகிரி. அமெரிக்க மீட்டர்களோடு வரும் இணைப்பிகள் 1/8 என்பிடி, அமெரிக்கத் தரக் கூம்புப் புரி. 27 புரி, 60 டிகிரி. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓரிரு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். கூம்புப் புரி இறுகுவது இயல்புதானே என்று ஸ்பேனர் போட்டு இழுப்பவர்கள் பிளாக்கின் புரியை அறுத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். விடிஓ சென்சார்களில் எம்10 புரியும் உண்டு. சென்சாரின் உடம்பில் பொறித்திருப்பதைப் படியுங்கள், புரி அளவி வைத்துப் பாருங்கள். இணைப்பி கடைவது சின்ன வேலை. பிளாக்கைச் சரிசெய்வது பெரிய வேலை.

புரியில் வெள்ளை டெஃப்லான் நாடாவை மொத்தமாகச் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்தப் புரிதான் எர்த். திரவ சீலர் மெல்லியதாகத் தடவுங்கள், முதல் புரியை விட்டுவிட்டு.

விளக்கையும் வைத்துக்கொண்டு மீட்டரையும் சேர்க்க டி வடிவப் பித்தளை இணைப்பி போட்டு, அதன் நுனியில் பெரிய டப்பா போன்ற விடிஓ சென்சாரைத் தொங்கவிடுவது வழக்கம். நான்கு சிலிண்டர் என்ஜினின் அதிர்வில் அந்தப் பித்தளைக் கழுத்து ஒருநாள் முறியும். முறிந்தால் எண்ணெய் முழுவதும் சாலையில். எஃகு வலை பின்னிய குழாய் வைத்து, சென்சாரைத் தகட்டில் தனியாகப் பிடித்து நிறுத்துங்கள்.


செம்புக் கம்பி
திங்கள், காலை 9.00

அப்படித் தள்ளி வைத்தால் சென்சாரின் உடம்பிலிருந்து பிளாக்குக்குத் தனி எர்த் ஒயர் போட மறக்க வேண்டாம். ரேடியேட்டர் மேல்குழாயை அறுத்து நடுவில் வைக்கும் அலுமினிய வெப்ப இணைப்பிக்கும் இதே விதி: இருபுறமும் ரப்பர், எர்த்தே கிடையாது.

அந்த இடம் எனக்குப் பிடிக்காது என்பது வேறு. சூடேறியதும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 டிகிரி அளவில்தான் திறக்கத் தொடங்கும். அதுவரை மேல்குழாயில் ஓட்டமே இருக்காது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் உள்ளே கொதிக்கும், குழாயில் உள்ள சென்சார் குளுகுளு என்று காட்டும். சென்சார் என்ஜின் பக்கம் இருக்க வேண்டும், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால். இன்னொன்று: நீர் கசிந்து சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டாலும் முள் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்ப முள் காரணமில்லாமல் விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.


பழைய டாட்சன்
திங்கள், காலை 9.45

எண்ணெய் அழுத்தத்துக்கு ஒயரே இல்லாத மீட்டர்தான் சிறந்தது என்பேன். மெல்லிய குழாயில் எண்ணெயே நேராக மீட்டருக்கு வரும். பொய் சொல்ல அதற்குத் தெரியாது.


மினி ராணி
திங்கள், காலை 10.20

கொதிக்கும் எண்ணெய் என் முழங்காலுக்கு மேலே ஒரு நைலான் குழாயில் வந்து நிற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், ஐயா. ஆனால் சோதனைக்கு அதுதான் சரி. கொரோலாத் தம்பி, பானெட்டைத் திறந்து வைத்து, எந்திர வகை அழுத்த மீட்டர் ஒன்றைத் தற்காலிகமாக என்ஜினிலேயே மாட்டி ஒருமுறை பாருங்கள். சூடான என்ஜின் மெதுவோட்டத்தில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) ஒரு பார் (அழுத்த அலகு) அளவும், நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் மூன்று பார் அளவும் வந்தால் பம்ப் நலம். பிறகு எந்தப் பட்டறை என்ன சொன்னாலும் கையில் சான்று இருக்கும். அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கை நம்ப வேண்டாம். அழுத்தம் ஏறத்தாழ முழுவதும் போன பிறகுதான் அது எரியும்.


ஈசூன் கொரோலா
ஞாயிறு, மாலை 5.50

ஒரு வாரம் சத்தமில்லாமல் இருந்ததற்குக் காரணம், ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். சுருங்கும் குழாய், ஃபியூஸ் தாங்கி, பல நிற ஒயர் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைத்தன. வேலையைக் காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறை மூலையில் செய்தேன்.

எந்திர மீட்டரில் சோதித்தபோது சூடான மெதுவோட்டத்தில் ஒரு பாருக்குச் சற்று மேல். 3,000 சுழற்சியில் மூன்றரை. என்ஜினைப் பிரிக்கச் சொன்னவர்களுக்கு அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

புதிய ஒயரில் விளக்கு, விசிறி, வைப்பர் எல்லாம் போட்டாலும் வெப்ப முள் அசையவில்லை. பேட்டரியில் 13.9, மீட்டரில் 13.8. நேற்று மாலை உட்லண்ட்ஸ் நெரிசலில், குளிர்சாதனத்தோடு, முள் மெல்ல மெல்ல 95 வரை ஏறியது. விசிறியைக் குறைத்தால் தாவவில்லை. அது உண்மையான சூடு என்று முதன்முறையாக நம்பினேன். வோல்ட் மட்டும் மெதுவோட்டத்தில் 12.9க்கு இறங்குகிறது. அது சரியா?

இன்னொரு சிக்கல். மீட்டர் விளக்குகள் எரிகின்றன, ஆனால் டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழைத் திருப்பினால் இவை மட்டும் குறைவதில்லை. இரவில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் கண்ணைக் குத்துகின்றன.


செம்புக் கம்பி
ஞாயிறு, இரவு 7.25

விளக்கு முதலில். டொயோட்டாவில் அந்தக் குமிழ் எர்த் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பச்சை ஒயர் நேர்முனை. வெள்ளையில் பச்சைக் கோடு உள்ள ஒயர்தான் குமிழ் வழியாக எர்த்துக்குப் போவது. உங்கள் மீட்டர் விளக்குகளின் எதிர்முனையைத் தகட்டில் கொடுத்திருப்பீர்கள். குமிழுக்கு அதில் வேலை இல்லை. அந்த வெள்ளை-பச்சையில் கொடுங்கள். பல்ப் வகை என்றால் அழகாகக் குறையும். எல்இடி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகாது, பிறகு திடீரென்று அணையும்.

12.9 பற்றி: அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் மெதுவோட்டத்தில் தன் முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் தரும். மழை இரவில், நெரிசலில், எல்லாம் போட்டபடி நின்றால் இறங்கத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்ததும் 13.5க்கு மேல் ஏறினால் கவலை இல்லை. ஏறாவிட்டால் பெல்ட்டைப் பாருங்கள்.

வோல்ட்மீட்டரை இக்னிஷனுக்கு மாற்றினீர்களா? உங்கள் கார் பெரும்பாலான நாள் உறங்குவது. 25 மில்லியாம்பியர் என்று வைத்தால்கூட ஒரு நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 18. 40 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதியைச் சும்மா தின்றுவிடும்.


ஈசூன் கொரோலா
ஞாயிறு, இரவு 7.40

மாற்றிவிட்டேன் ஐயா. மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி படுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்போல. நான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.


பழைய டாட்சன்
ஞாயிறு, இரவு 8.15

அடுத்து முன்கண்ணாடித் தூணில் மீட்டர் ஏற்றும் ஆசை வரும், வேண்டாம். வலப்பக்கத் தூண் ஏற்கெனவே பாதசாரியை மறைக்கிறது. ஆண்டுச் சோதனைக்குப் போகும்போது பார்வையை மறைக்கிறது என்று சொன்னால் அங்கேயே கழற்ற வேண்டியிருக்கும். கீழே இருக்கும் இடமே நல்ல இடம்.


120ஒய்
ஞாயிறு, இரவு 9.30

ஓபிடி பற்றிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். என் டாட்சன் 120ஒய்யில் சுழற்சி மீட்டர் இல்லை. அதற்கும் இதே ஒயர் முறைதானா?


செம்புக் கம்பி
ஞாயிறு, இரவு 10.05

மின்சாரமும் எர்த்தும் இதே முறை. சிக்னல் ஒயர் மட்டும் இக்னிஷன் காயிலின் எதிர்முனையிலிருந்து. பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு துடிப்பு. மீட்டரின் பின்னால் உள்ள சிலிண்டர் சுவிட்சை நான்கில் வையுங்கள், ஆறிலோ எட்டிலோ இருந்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணிக்கை காட்டும்.

அந்த ஒயர் வழியில் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் காயிலின் எதிர்முனை எர்த் ஆகிவிடும், பொறி வராது, விரைவுச்சாலையின் நடுவிலேயே என்ஜின் நிற்கும். அதனால் அதற்கு மட்டும் தனி உறை போட்டு, எக்ஸாஸ்ட்டிலிருந்தும் ஸ்பார்க் பிளக் ஒயர்களிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள்; மாற்றியிருந்தால் சிக்னலை எங்கே எடுப்பது என்பது அந்தப் பெட்டியைப் பொறுத்தது.


120ஒய்
ஞாயிறு, இரவு 10.11

இல்லை ஐயா, இன்னும் பாயின்ட்தான். கிரிம்ப் கருவி யாரிடமாவது வார இறுதிக்கு இரவல் கிடைக்குமா?


ஈசூன் கொரோலா
ஞாயிறு, இரவு 10.14

என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்குக் காக்கி புக்கிட் வாருங்கள், ரப்பர் வளையமும் இரண்டு மிச்சம் உள்ளது. துளையின் அளவை மட்டும் அளந்துகொண்டு வாருங்கள்.